மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பவள்

மேலே ஒரு குத்து. நடுவில் ஒரு குத்து. மூன்றாவது குத்துக்கு முன்பெல்லாம் இடுப்பை வளைத்துக் குனிவாள். இப்போது ஏழாம் மாத வயிறு குறுக்கே நிற்பதால், மூட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, சாக்கின் அடியில் குத்தூசியைச் செருகுகிறாள் அன்புக்கரசி. ஊசியின் பள்ளம் வழியே சரிந்து வரும் நெல்லை உள்ளங்கையில் வாங்கி, ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிக்கிறாள். 'டக்'. அந்தச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு "பன்னெண்டர" என்கிறாள். பக்கத்து மேசையில் இருக்கும் ஈரம் பார்க்கும் கருவி அரை நிமிடம் யோசித்துவிட்டுப் பன்னிரண்டு புள்ளி ஆறு என்று காட்டுகிறது. பிள்ளை வாய்ப்பாட்டைச் சரியாக ஒப்பித்துவிட்டதைக் கேட்ட வாத்தியார்போல அவள் தலையாட்டுகிறாள்.

பனமலையிலிருந்து நெல் ஏற்றி வந்த ஒருவருக்கு அன்று பொறுமை இல்லை.

"யம்மா, ஒரு மூட்டைக்கு மூணு குத்தா? மேல பாத்தது பத்தாதா? சாக்கு பூரா ஓட்டையாப் பூடும் போலிருக்குது."

"மேல இருக்கறது நீங்க காட்டுறதுண்ணா. அடியில இருக்கறதுதான் நெல்லு."

அடியில் குத்திய மணியைக் கடித்தபோது சத்தமே வரவில்லை. பல் நெல்லில் அமுங்கியது. கையை உதறிவிட்டு எழுந்தாள். "பதினேழு. ரெண்டு நாளு களத்துல கொட்டிக் காயவெச்சி எடுத்துனு வாங்க. இத அப்டியே அரச்சா அரிசி வராது, மாவுதான் வரும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காய்ந்த நெல்லை மேலே போட்டு ஈர நெல்லை அடியில் மறைத்துக் கட்டுவது இந்த ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பிடிபட்டவரும் சற்று நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

செஞ்சியில் மாசி மாதம் என்றால் தெருவெல்லாம் நெல். திண்டிவனம் சாலையில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். கோட்டை பார்க்க வந்த காரெல்லாம் பின்னால் நின்று ஹாரன் அடிக்கும். சுந்தரமூர்த்தியின் மண்டிக்கு அன்புக்கரசி எட்டு வருடங்களுக்கு முன்னால் பெருக்க வந்தாள். சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டே ஒன்றிரண்டைக் கடித்துப் பார்ப்பது அவள் பழக்கம். ஒருநாள் கருவி பதிமூன்று என்று காட்டிய நெல்லைக் கடித்துவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்து, "மெஷினு பொய் சொல்லுது மொதலாளி" என்றாள். பார்த்தால் பேட்டரி போயிருந்தது. அன்றிலிருந்து குத்தூசி அவள் கையில். ஆனால் வருகைப் பதிவேட்டில் இன்றும் அவள் 'பெருக்குபவர்'தான். அங்கே அரிசி வாங்கப் போகும் நான் இதைப் பற்றிக் கேட்டால் சுந்தரமூர்த்தி, "எழுத்துல இன்னா சார் இருக்குது" என்பார். எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் மாற்றி எழுதிவிடலாமே. மாற்றமாட்டார். டீ சொல்லுவார்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மகள் மங்கை மண்டிக்கு வந்துவிடுவாள். ஆறு வயது. கேள்விக்குப் பஞ்சமில்லாத வாய். அவளிடம் எதைக் கொடுத்தாலும் அன்புக்கரசி இடது கையில்தான் கொடுப்பாள். பென்சில், தண்ணீர்ப் புட்டி, கடலை உருண்டை எதுவானாலும் சரி. மங்கையின் இடது கை சட்டென்று எழாது. தோள் முதலில் ஒரு பக்கம் சாயும், முழங்கை உடம்பிலிருந்து பிரியும், பிறகு விரல்கள் வரும். அதுவரை தாய் பொருளை நீட்டியபடியே நிற்பாள். கையை முன்னால் கொண்டுபோய் உதவ மாட்டாள். அவசரப்படுத்தவும் மாட்டாள். ஒரு வியாபாரி பொறுக்கமாட்டாமல் சொன்னார்:

"கொழந்தைக்கு எடது கையிலயா குடுப்ப? நல்ல பழக்கத்தக் கத்துக் குடும்மா."

"சோறு சாப்புட ஒரு கையி இருக்குதுண்ணா. இந்தக் கைக்கும் வேல வேணும்ல?"

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதையைத்தான் ஆறு வருடமாக அன்புக்கரசி சுமந்துகொண்டிருந்தாள்.

மங்கை வயிற்றில் இருந்தபோது மார்கழி மாதத்தில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. அன்று காலை வீட்டுக்கு எதிர்பாராமல் விருந்தாளி வர, அன்புக்கரசி அரிவாள்மணையில் உட்கார்ந்து நான்கு கத்தரிக்காய் நறுக்கிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். தலை வெளியே வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. இடது தோள் நரம்பு இழுபட்டுக் கை தொங்கியது. ஏன் என்று கேட்டபோது அந்த மருத்துவமனையில் யாரும் பதில் சொல்லவில்லை. பெரிய குழந்தை, ஆரோக்கியமான குழந்தை என்று பாராட்டி அனுப்பினார்கள். படித்தவர்கள் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் மாமியார் அமிர்தவல்லி பதில் சொன்னார்: கிரகணத்தில் அரிவாள்மணையைத் தொட்டாள், குழந்தையின் கை போயிற்று.

அமிர்தவல்லி கெட்டவர் அல்ல. பேத்தியின் கைக்குத் தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டவர் அவர்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம், உறவுக்காரர்களிடம், வளையல்காரரிடம், "இன்னா பண்றது, இவ கெரகணத்துல காய் அரிஞ்சிட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா வந்து நிற்பதுதான் அது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை வட்டம் வட்டமாகப் படம் போட்டு மதிப்பெண் வாங்குகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணம் ஆகிக் கருவுற்றதும் அதே நிழல் கத்தியோடு வருகிறது. அது எந்த வீட்டிலும் ஆணின் விரலை வெட்டியதில்லை. பொறுப்பேற்க ஆள் தேவைப்படும்போதெல்லாம் இந்த நாட்டில் வானத்திலிருந்து ஒரு விரல் நீளும், அது எப்போதும் ஒரு பெண்ணைத்தான் காட்டும்.

போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். முதல் கர்ப்பத்தில் இந்தப் பரிசோதனை அவளுக்கு நடக்கவேயில்லை. குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஒரு டம்ளர் கொடுத்தார்கள். "கோயில் பானகம் தோத்துச்சு சார், அவ்ளோ இனிப்பு. மூக்கப் புடிச்சிக்கினு குடிச்சன்" என்றாள் என்னிடம். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு நூற்று ஐம்பத்திரண்டு.

பெஞ்சில் உடன் இருந்த பெண்கள் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "வயித்துலயே ஊசி போடுவாங்களாம்." "பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிடுவாங்க." "கொழந்தைக்கும் பொறக்கும்போதே சக்கர வந்துடுமாம்." அன்புக்கரசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எழுந்துபோய் நர்ஸ் செல்வராணியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். செல்வராணி இருபது வருடமாக இந்தச் சுற்று வட்டாரத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பவர். கழுத்தில் ஜெபமாலை, நாக்கில் சாட்டை.

"பயப்படாத. ரெண்டு வாரம் சாப்பாட்டை மாத்திப் பாப்போம். அப்புறம் மத்தியானம் சாப்புட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் பாப்போம். நூத்தி இருபதுக்குள்ள வந்தா சாப்பாடே மருந்து. வரலன்னா மாத்திர, அதுக்கும் கேக்கலன்னா ஊசி. டாக்டரம்மா பாத்துக்குவாங்க. கொழந்த ரொம்பப் பெருசாகாமப் பாத்துக்கணும், அவ்ளோதான்."

கடைசி வரியில் அன்புக்கரசி நிமிர்ந்தாள். கைப்பையைத் துழாவி, ஆறு வருடமாக நெகிழி உறையில் வைத்திருந்த பழைய பிரசவச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"சிஸ்டர், இதுல எட போட்டிருக்குது பாருங்க."

செல்வராணி பார்த்தார். நாலு கிலோ இருநூறு.

"இந்தச் சக்கர அப்பவும் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். அப்ப யாரும் பாக்கல, அதனால இப்ப நான் அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா சக்கர இருந்தா கொழந்த இப்டிப் பெருக்கும். பெருத்தா தோளு மாட்டும்."

"அப்ப கெரகணம் இல்லியா?"

"கெரகணத்துக்குத் தராசு புடிக்கத் தெரியாதும்மா."

அன்றைக்கு அவள் அழுதாளா என்று கேட்டேன். "எதுக்கு அழுவணும்? ஆறு வருசமா மூட்டையில இன்னா இருக்குதுன்னே தெரியாம தூக்கினு திரிஞ்சன். யாரோ பிரிச்சிக் காட்டிட்டாங்க. எறக்கி வெச்சிட்டன்" என்றாள். நோய் என்று பெயர் வைக்கப்பட்டதும் தைரியம் வந்த ஒரு மனுஷியை நான் அப்போதுதான் பார்த்தேன். சீட்டில் இருந்ததை அவள் மறக்கவும் இல்லை. இந்த முறை இன்னொரு தோள் மாட்டக்கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மண்டியில் விஷயத்தை மறைக்கவில்லை. அமிர்தவல்லிதான் "வெளிய சொல்லாத, பேரு கெட்டுப் பூடும்" என்று எச்சரித்திருந்தார். எந்தப் பேர் கெடும் என்று எனக்குப் புரியவில்லை. இதே மண்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை உண்டு. அவர்கள் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் பேசுவார்கள். "எனக்கு இன்னிக்கு எரநூத்தி நாப்பது, உனுக்கு?" "நீ இன்னா, நான் போன மாசமே முந்நூறு அடிச்சன்." ஒரு கையில் போண்டாவும் மறு கையில் சர்க்கரை குறைத்த டீயும் இருக்கும். ஆணுக்கு வந்தால் வசதி வந்ததற்கு அடையாளம், பெண்ணுக்கு வந்தால் அவள் வயிற்றில் கோளாறு! ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு.

ஸ்கோர் சொல்பவர்களில் முதல் ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தி. அவர் மேசை இழுப்பறையில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. தூசி படிந்து கிடந்தது.

"மொதலாளி, அந்த மெஷின நீங்க பாக்கறீங்களா, இல்ல அழகுக்கு வெச்சிருக்கீங்களா?"

"நம்பரு ஏறுச்சுன்னா மனசு கஷ்டமாப் பூடுதும்மா. அதான் பாக்கறதில்ல."

"அப்ப எனக்குக் குடுங்க. எனக்குப் பாக்கலன்னாதான் கஷ்டம்."

ரத்தச் சொட்டு வைக்கும் பட்டைகளும் புது ஊசிகளும் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டாள். செல்வராணி உட்கார வைத்து, கையைக் கழுவி, விரல் ஓரத்தில் குத்தக் கற்றுக்கொடுத்தார். கூட வந்திருந்த அமிர்தவல்லியிடமும் அந்த நாலு கிலோ கணக்கைச் சொன்னார். வாரத்தில் ஒருநாள் பார்த்தால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். அன்புக்கரசி சிரித்திருக்கிறாள். எட்டு வருடம் மூட்டைக்கு மூன்று குத்து குத்தியவள், தன் ரத்தத்தை மட்டும் ஒரு குத்தில் நம்புவாளா? காலைச் சாப்பாட்டுக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. மூன்று நாள் பார்த்தாள். காலையில் நூற்றுப் பத்து பன்னிரண்டு. ராத்திரியில் நூற்றுப் பதினெட்டு. மதியம் மட்டும் நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று அறுபத்தொன்று, நூற்று ஐம்பத்தைந்து.

"அடியில ஈரம்" என்றாள்.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. மண்டியில் காலை மூட்டைகளை முடித்துவிட்டு அவள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது மணி இரண்டரை. அவள் வீடு வல்லம் போகும் வழியில் இருக்கிறது. லோடு ஆட்டோ ஓட்டும் கணவன் விமல்ராஜ் அதற்கு முன்பே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பான். அவனுக்குக் கீரை, முட்டை, பொரியல் எல்லாம் போயிருக்கும். மங்கைக்காக ஒரு கரண்டி எடுத்து வைத்திருப்பார்கள். மிச்சம் இருப்பது பானைச் சோறும் குழம்பும். காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டு ஆறு மணி நேரம் நின்ற வயிறு. அன்புக்கரசியும் அமிர்தவல்லியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு மலைச் சோறு குழைத்துத் தின்பார்கள். கர்ப்பிணிக்கு வேண்டிய கீரையும் முட்டையும் கர்ப்பம் இல்லாதவன் வயிற்றில் இருக்கும். இதை எந்த வீட்டிலும் யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் என்றைக்கோ கிழித்திருப்பார்கள். எழுதாததால்தான் நிலைத்து நிற்கிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்தவன் ஒருநாளும் கடைசியில் சாப்பிட்டவனாக இருக்க முடியாது.

மறுநாள் காலையில் உலை இறக்கியதும் அன்புக்கரசி நான்கு அடுக்கு டப்பாவை எடுத்து வைத்தாள். ஒரு கிண்ணம் சோறு, இரண்டு கிண்ணம் கீரை, ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் தட்டைப்பயறுச் சுண்டல். நண்பகலிலேயே மண்டியில் சாப்பிட்டுவிட. அமிர்தவல்லி அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, இது இன்னா? ஊட்டு ஆம்பள இன்னும் பல்லே வெளக்கல. அதுக்குள்ள மொத சோத்துல கை வெக்கிறியே?"

"வயித்துல இருக்கறது ஆம்பளையா இருந்தா, அவரு மொதல்ல சாப்டுட்டாருன்னு நெனச்சிக்கங்க அத்த."

"பொம்பளையா இருந்தா?"

"அப்ப இன்னும் சீக்கிரம் சாப்புடணும். அப்புறம் அதுக்கு எவன் குடுப்பான்?"

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். மதியம் விமல்ராஜ் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பொரியல் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறான். "உன் பொண்டாட்டி எடுத்துனு போயிட்டா" என்றார் அம்மா. ராத்திரி அவன் அந்தப் பேச்சை லேசாக எடுத்தபோது அன்புக்கரசி, "நேத்து வரிக்கும் நான் தின்னது அதாங்க. நல்லாத்தான இருந்துது?" என்றாள். விமல்ராஜ் அதிகம் பேசாதவன். மறுநாள் வரும்போது இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கிவந்து வைத்தான். அவன் மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

டப்பா கட்டத் தொடங்கிய நாலாம் நாள் மாலை எண் மறுபடி எகிறியது. மதியம் சரியாக இருந்தது, அமிர்தவல்லி பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்த நான்கு மணி டீக்குப் பிறகுதான் ஏறியிருந்தது. அன்புக்கரசி வீட்டில் டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். டீயில் சர்க்கரை போடவில்லை என்று சாதித்த அமிர்தவல்லி, கடைசியில் ஒரு செம்பழுப்புப் பொட்டலத்தைக் காட்டினார்.

"சக்கரதான வேணான்னாங்க? இது நாட்டுச்சக்கர. ஒடம்புக்கு நல்லதாம், டிவியில சொன்னான். பாவம், கசப்பா குடிக்கிறியேன்னு ரெண்டு ஸ்பூனு போட்டன்."

அன்பில் செய்த குற்றத்துக்கு எப்படிக் கோபப்படுவது? அன்புக்கரசி கோபப்படவில்லை. "வெள்ளப் பொன்னின்னாலும் குண்டு நெல்லுன்னாலும் வெந்தா சோறுதான் அத்த. வயித்துக்குக் கலரு தெரியாது" என்று சொல்லிப் பொட்டலத்தை மடித்துப் பரண்மேல் வைத்தாள். அன்று முதல் அமிர்தவல்லியும் தன் டீயைக் கசப்பாகவே குடிக்கத் தொடங்கினார். ஒரே பாத்திரத்தில் இரண்டு விதமாகப் போட முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

இரண்டாம் பரிசோதனை புதன்கிழமை. எண் என்ன வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நூற்றுப் பதினான்கு. செல்வராணி அதை அட்டையில் எழுதிவிட்டு, "இப்டியே போ. மாசம் முடியற வரிக்கும் விட்டுடாத. கொழந்த பொறந்த ஆறாவது வாரமும் வந்து ஒரு தடவ பாத்துக்க" என்றார். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு முந்தைய நாள் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம். பிற்பகல் மூன்றரைக்குப் பிடித்து, நிலா எழும்போதே மறைந்து எழுந்து, ஏழு மணிக்குள் விடும் என்று பஞ்சாங்கம் சொன்னது. அதே நேரத்தைத்தான் செய்தித்தாளும் சொன்னது. கணக்கு ஒன்றுதான். ஒருவர் அதை வைத்து நிழலின் பாதையைச் சொல்கிறார், மற்றவர் அதை வைத்து ஒரு கர்ப்பிணியைப் பட்டினி போடுகிறார். அன்று நான் வாங்கிய அரிசி மூட்டையை விமல்ராஜின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மண்டியிலிருந்து கிளம்பினோம். அன்புக்கரசியும் மங்கையும் கூடவே வந்தார்கள். வழியில் அவர்கள் வீட்டில் நின்றபோது மணி ஆறரை. தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தண்ணீர்க் குடங்களின் மேல் தர்ப்பைப் புல் கிடந்தது.

அமிர்தவல்லி மருமகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்த முயன்றார். நான் நிற்பதைப் பார்த்து விட்டுவிட்டார்.

"மத்தியானம் மண்டியில தின்னதே தப்பு. இனிமே ஏழு மணி வரிக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. பேசாம படு."

"ஆறு மணிக்கே ஒரு கொய்யா சாப்புட்டிருக்கணும் அத்த. சிஸ்டரு சொன்ன கணக்கு. விட்டா ராத்திரி பசியில மலை மாதிரி சோறு போடச் சொல்லும் வயிறு."

"ஒருநாளு விட்டா இன்னா? நல்லதுதான? பட்டினி கெடந்தா நாளிக்கு நம்பரும் கொறையும்ல? ரெண்டுக்கும் ஆச்சு."

அதுவரை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அன்புக்கரசி நிமிர்ந்தாள்.

"அப்டிக் கொறஞ்சா அது என் நம்பரா? மேல காஞ்ச நெல்லப் போட்டு அடியில ஈரத்த வெச்சிக் கட்டச் சொல்றீங்க. அந்த மூட்டைய நான் தெனமும் திருப்பி அனுப்பறன் அத்த. நானே கட்டுவனா?"

"அன்பு, வேணாண்டி. போன தடவ பட்டது பத்தாதா?" அமிர்தவல்லி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பயம்தான். வேறொன்றும் இல்லை. ஆறு வருடம் அடுத்தவர்களிடம் சொல்லிச் சொல்லி அவரே கெட்டிப்படுத்திக்கொண்ட பயம்.

"போன தடவ பட்டது இன்னான்னு சீட்டுல எழுதியிருக்குது. நாலு கிலோ இருநூறு. கத்தரிக்கா எட இல்ல அத்த அது, உங்க பேத்தியோட எட. சிஸ்டரு வாயால நீங்களும் கேட்டீங்க." பிறகு குரலைத் தணித்தாள். "அருவாமணைய எங்க வெச்சீங்க?"

அமிர்தவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தார்.

"அரிசி டிரம்முக்குப் பின்னாடி, சாக்கப் போட்டு மூடி வெச்சாங்க. நான் பாத்தன்!" என்று மங்கை கூவினாள். ஆட்டோவிலிருந்து இறங்காமலே விமல்ராஜ் தலையைக் குனிந்து சிரித்தான். பிறகு இறங்கிப்போய், டிரம்மை நகர்த்தி, அரிவாள்மணையை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தான். அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அன்புக்கரசி சுவரைப் பிடித்து மெதுவாகக் குந்தினாள். மூட்டையின் அடியைக் குத்த எப்படி உட்காருவாளோ அப்படியே. ஒரு காலால் மணையை அழுத்திக்கொண்டாள். பையிலிருந்து கொய்யாவை எடுத்து முந்தானையில் துடைத்தாள். திறந்த கதவு வழியே கிழக்கே, வீடுகளுக்கு நடுவே, மங்கிய செம்பழுப்பு நிறத்தில் நிலா ஏறிக்கொண்டிருந்தது. அமிர்தவல்லி கண்களை மூடிக்கொண்டார். கொய்யா இரண்டாகப் பிளந்த சத்தம் கேட்டது. பிறகு நான்காக.

ஒரு துண்டைத் தான் கடித்தாள். அடுத்த துண்டை எடுத்து மகளுக்கு நீட்டினாள், எப்போதும்போல இடது பக்கம். மங்கையின் தோள் சாய்ந்தது, முழங்கை உடம்பிலிருந்து பிரிந்தது. அந்தக் கை எழுந்து வரும்வரை, நீட்டிய கையை ஓர் அங்குலமும் முன்னால் கொண்டுபோகாமல், அன்புக்கரசி மென்றுகொண்டே காத்திருந்தாள்.